படித்தேன் என்று போட்ட கையெழுத்து

யாஸ்னா கோதோயை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ நியாயம் பேச வந்தவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எட்டு மாதமாக நானும் அவளும் ஒரே அறையில் இருக்கிறோம், ஒரே கட்டிலில் படுக்கிறோம், ஒரே மேசையில் வேலை செய்கிறோம். ஆனால் சேர்ந்து இருந்ததில்லை. எங்கள் செம்புச் சுரங்கத்தில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு. நான் என் ஏழு நாளை முடித்துக்கொண்டு என் ஊரான தொகோபியாவில் கடலைப் பார்க்க இறங்கும்போது, அவள் தன் ஊரான ஒவாயேயிலிருந்து மலை ஏறுவாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பேருந்துகளும் உப்புவெளி வளைவில் ஒன்றையொன்று கடக்கும். எதிர் ஜன்னலில் ஒரு சிவப்புத் தொப்பி போகும். அதுதான் என் மாற்றாள்.

அறைக்குள் நுழைந்தால் அவள் இருப்பாள், ஆள்தான் இருக்காது. சோப்பில் ஒட்டிய நீள முடி. ஜன்னல் விளிம்பில் ஒரு கள்ளிச்செடி. அலமாரியில் நான்கு தட்டு. மூன்றில் என் சாமானை வைத்துப் பூட்டியிருந்தேன், அவளுக்கு ஒன்று. அதற்கும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போடாத ஆளைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் அங்கேயும் அவள் பேச்சுதான்.

"யாஸ்னா வந்தா ஊர்லேர்ந்து ஆட்டுப்பால் சீஸ் கொண்டாரும். எல்லாருக்கும் ஒரு துண்டு" என்பாள் சமையல்காரி நிவியா, என் தட்டில் கசுவேலா சூப்பை ஊற்றிக்கொண்டே.

"நான் தொகோபியாவுலேர்ந்து மீன் கொண்டாரட்டுமா? பஸ்ஸே நாறிப் போவும்."

"அய்ய, யாரு கேட்டா? நான் சும்மா சொன்னேன். உனக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?"

அலமாரியில் தன் தட்டில் எனக்கும் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள் அவள். காகிதத்தில் சுற்றி, 'சென்யோரா ரூத்துக்கு' என்று மரியாதையாக என் பெயரை எழுதி. நான் அதை முகாம் நாய்க்குப் போட்டேன். தின்ற நாய், அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் அவள் பேருந்துக்காக வாசலில் போய் உட்கார ஆரம்பித்தது. பதினோரு வருடம் என் காலைச் சுற்றின நாய். அதுவும் போச்சு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தச் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் பெண் நான். பொம்பளை உள்ளே போனால் மலை கோபித்துக்கொள்ளும் என்று சொல்லி இரண்டு பேர் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். நான் போய்ச் சுவர்களில் ஆங்காங்கே ஒரு பெட்டி, பாறை அள்ளும் ஒவ்வொரு லோடர் வண்டியிலும் ஒரு பெட்டி, ஒவ்வொரு தலைக்கவச விளக்கிலும் ஒரு வில்லை என்று பொருத்தினேன். வில்லைக்கும் பெட்டிக்கும் நடுவே துடிப்புகள் போய் வரும். ஆள் பதினைந்து மீட்டருக்குள் வந்தால் வண்டியிலும் ஆள் தலையிலும் அலாரம் அடிக்கும், வண்டி தானே நிற்கும். அன்றிலிருந்து எங்கள் சுரங்கத்தில் வண்டி மோதி ஒருவரும் சாகவில்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. அந்த அலாரம்தான் பிள்ளை.

அல்ட்ரா வைட்பேண்ட் என்பார்கள் இதை. ரேடியோக்காரன் தனக்கென்று ஒரு சின்ன அலைப்பட்டையைப் பிடித்துக்கொண்டு உரக்கக் கத்துவான். இது அப்படியில்லை, மிக அகலமாகப் பரவி மிக மெல்லப் பேசும். ஒரு துடிப்பு, நொடியில் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். வாக்கிடாக்கிக்கும் செல்போனுக்கும் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் இதே ஜாதியில் இன்னொன்று வந்தால் தெரியும். சந்தையில் ஒரே சரக்கை விற்கிற இரண்டு பேர் அடுத்தடுத்துக் கடை போட்ட மாதிரி ஆகிவிடும்.

அந்த இன்னொன்றைக் கொண்டுவந்தவள்தான் யாஸ்னா. கம்பெனி புதிதாக வாங்கியது அது. சுரங்கத்தில் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று மேலே ஒரு திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டும். பாறை சரிந்தால் யாரை எங்கே தோண்ட வேண்டும் என்று தெரியும். நல்ல விஷயம்தான். நல்ல விஷயத்தை அவள் கொண்டுவந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வந்த முதல் மாதமே என் அலாரம் ஒன்றிரண்டு தடவை தாமதமாக அடித்தது. அவள் புள்ளிகளும் இடம் மாறிக் குதித்தன. எங்கள் மேலாளர் அனிபால், பெரியவர் என்பதால் எங்களுக்கு 'தோன்' அனிபால், அவளையும் என்னையும் போனில் சேர்த்துப் பிடித்தார்.

"ஒரு சுரங்கத்துல ரெண்டு ராஜ்ஜியம் ஆவாது. ஆகஸ்ட்ல முறை மாறுற செவ்வாக்கிழமை ரெண்டு பேரும் இருங்க. நேர்ல சோதிச்சுப் பாப்போம். எது நிக்குதோ அது நிக்கும். இன்னொண்ணு கழண்டுரும், அதுக்கு ஆளும் தேவையில்ல."

அதற்கு ஆளும் தேவையில்லை. அந்தச் சொல்லோடுதான் நான் ஐந்து மாதம் தூங்கினேன், அவள் தலையணையிலேயே.

எங்களிடம் ஒரு முறைப் புத்தகம் உண்டு. பாதுகாப்புக் கருவியில் என்ன மாற்றம் செய்தாலும் அதில்தான் எழுத வேண்டும். போனில் சொன்னது செல்லாது. இறங்கிப் போகிறவள் ஒரு பக்கம் எழுதுவாள், ஏறி வருகிறவள் அடியில் 'படித்தேன், சம்மதம்' என்று கையெழுத்துப் போடுவாள். யாஸ்னா பக்கம் பக்கமாக எழுதுவாள். குண்டு குண்டான அழகான எழுத்து, நடுவில் படம் வேறு. நான் அந்த எழுத்தைப் பார்ப்பேன், வயிறு எரியும், அடியில் கையெழுத்துப் போடுவேன், மூடிவிடுவேன். ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. இருபது வயது குறைந்தவளிடம் நான் பாடம் கேட்பதா? என் பங்குக்கு நான் எழுதுவது ஒரே வரி: எல்லாம் சரி.

ஜூலை கடைசியில், என் வாரத்தில், நான் ஒரு காரியம் செய்தேன். என் வில்லைகள் நொடிக்கு இரண்டு முறை பேசும். அதை இருபதாக்கினேன். பதில் வராவிட்டால் உடனே மறுபடி கேள் என்றும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கடைக்காரி இடைவிடாமல் கத்தினால் பக்கத்துக் கடைக்காரி வாயைத் திறக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. சுரங்கத்தில் மூன்று பேரை நிற்க வைத்துப் பார்த்தேன். என் அலாரம் கச்சிதமாக அடித்தது. அவள் திரையில் புள்ளிகள் செத்தன. எனக்கு அன்று இரண்டு தட்டு கசுவேலா இறங்கியது. புத்தகத்தில் எழுதினேன்: எல்லாம் சரி.

சோதனை நாள் வந்தது. யாஸ்னா சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சுரங்க வாசலில் நின்றாள். நினைத்ததைவிடக் குள்ளம். கன்னத்தில் வெயில் தழும்பு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கன்னத்தில் முத்தமிட்டாள்.

"சென்யோரா ரூத்! கடைசியில உங்கள முழுசா பாத்துட்டேன். அந்தக் கள்ளிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"கள்ளிக்கு எதுக்குத் தண்ணி?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் எனக்கு ஒரு குறை கிடைக்கவில்லை.

தோன் அனிபால், பாதுகாப்புக் குழு, வந்து பார்க்கிறவர்கள் என்று பதினான்கு பேர் உள்ளே போனோம். எல்லோர் தலையிலும் என் வில்லையும் உண்டு, அவள் வில்லையும் உண்டு. லோடரை ஓட்டியவர் தோன் செகுந்தோ. அறுபது வயது. அந்த வண்டியில் பக்கவாட்டாக உட்கார்ந்துதான் ஓட்ட முடியும். வலதுபக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு என் அலாரம்தான் கண்.

பதினொன்றாம் ஒதுங்கிடத்தில் எல்லோரும் நின்றோம். அது பாறையில் குடைந்த ஒரு மாடம், வண்டி போகும்போது ஆட்கள் ஒதுங்குவதற்கு. தோன் அனிபால் கையிலிருந்த திரையைப் பார்த்தார். பதினான்கு புள்ளிகள் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தன, அவையும் உறைந்து நின்றன.

"என்னம்மா இது? நீ, நான், மத்தவங்க எல்லாம் ஆவியா?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குள் தேன் பாய்ந்தது. பொய் சொல்லவில்லை, பாய்ந்தது.

யாஸ்னாவின் முகம் சுருங்கியது. "போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு. சுவத்துப் பெட்டிலயும் ஏதாவது கோளாறு இருக்குமோ என்னவோ. ஒரு நிமிஷம் பாத்துடறேன்" என்று சொல்லி மாடத்தை விட்டு வெளியே போய், எதிர்ச் சுவரில் இருந்த தன் பெட்டியைத் திறந்தாள். வண்டிப் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் தோன் செகுந்தோ பாறை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பி வந்தார்.

முப்பது மீட்டர். இருபது. பதினைந்து. எங்கள் பதினான்கு தலைகளிலும் அலாரம் அதிர வேண்டிய தூரம். ஒன்றும் அதிரவில்லை. எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. மூன்று பேரை வைத்துச் சோதித்தவள் நான். இப்போது ஒரே இடத்தில் பதினான்கு வில்லைகள் நொடிக்கு இருபது தரம் கத்துகின்றன, பதில் வராததால் திரும்பத் திரும்பக் கேட்கின்றன, என் பிள்ளைகளே ஒன்றின் குரலில் ஒன்று மூழ்கிப்போய்விட்டன. வண்டியிலிருந்த பெட்டிக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது 'ஐயோ' இல்லை. 'என்னுடையதும் தோற்றுவிட்டதே' என்பதுதான். ஒரு மூச்சு நேரம் அப்படி நின்றேன். பிறகுதான் கை எழுந்தது. விளக்கைக் கழற்றிப் பக்கவாட்டில் வீசி வீசி ஆட்டிக்கொண்டு பாதையில் பாய்ந்தேன். விளக்கைக் குறுக்கே ஆட்டினால் நில் என்று அர்த்தம். பெட்டியும் வில்லையும் வருவதற்கு முன்னால் இந்த மலையில் இருந்த பாஷை அது. தோன் செகுந்தோ அந்தக் காலத்து ஆள். பார்த்தார், மிதித்தார். வண்டி இரண்டு கை தூரத்தில் நின்றது. பாறையிலிருந்து ஒரு கல் உருண்டு யாஸ்னாவின் காலணியில் வந்து முட்டியது.

தோன் செகுந்தோ இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அலாரம் அடிக்கலையே மகளே" என்றார் என்னிடம். "நான் அதத்தானே நம்பி ஓட்டுறேன். அடிக்கலையே."

யாஸ்னா என்னையே பார்த்தாள். உதட்டில் ரத்தமில்லை. "பாதி உங்களுக்குன்னு விட்டிருந்தேனே, சென்யோரா. அந்தப் பாதில நான் மூச்சுகூட விடறதில்ல. நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்களே. அதான் தைரியமா திரும்பி நின்னேன்."

எந்தப் பாதி, எந்தக் கையெழுத்து என்று எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மேலே வந்ததும் தோன் அனிபால் கதவைச் சாத்தினார். நானும் அவரும் மட்டும்.

"எனக்கு வேற யோசனையே இல்ல ரூத். பதினோரு வருஷம் உன்னோடது ஒழுங்கா அடிச்சுது. இந்தப் புதுசு வந்து அத அமுக்கிருச்சு. ஆள் போயிருப்பா. புதுசக் கழட்டிருவோம். புத்தகத்த எடுத்துட்டு வா, எழுதிக் கையெழுத்துப் போடு."

நான் வாயைத் திறக்கவே வேண்டாம். ஐந்து மாதம் எதற்காக எரிந்தேனோ அது தட்டில் வைத்து என் முன்னால் வந்துவிட்டது. புத்தகத்தை எடுக்க முறை அறைக்குப் போனேன். காலிப் பக்கம் தேடிப் புரட்டும்போது மார்ச் மாதத்துப் பக்கம் கண்ணில் பட்டது. நடுவில் ஒரு படம். ஒரு ரொட்டியை வரைந்து இரண்டாக வெட்டியிருந்தாள். முதல் தடவையாகப் படித்தேன்.

'சென்யோரா ரூத், வணக்கம். நான் உங்கள் மாற்றாள். உங்கள் அமைப்பைப் பார்த்தேன், இவ்வளவு பழையதை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை. நம் இரண்டும் ஒரே அலைப்பட்டையில் பேசுவதால்தான் இடறுகிறது. ஒரு யோசனை. உங்கள் சுவர்ப்பெட்டி ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ஒரு துடிப்பு விடுகிறது. அதையே நான் மணியாக எடுத்துக்கொள்கிறேன். முதல் அரை நொடி உங்களுடையது, என் வில்லைகள் வாய் திறக்காது. அடுத்த அரை நொடி என்னுடையது. நம் துடிப்புகள் வரும் வரிசையையும் வேறு வேறாக வைத்துவிட்டால் ஒன்று சிந்தினாலும் மற்றது ஏமாறாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் கூட்டாதீர்கள், இரண்டும் முதல் பாதிக்குள் முடியட்டும். என் பாதியில் யாராவது பேசுவது கேட்டால் என்னுடையது அடங்கிவிடும், ஏனென்றால் உங்களுடையது உயிர் சம்பந்தப்பட்டது. சம்மதம் என்றால் கையெழுத்திடுங்கள்.'

அடியில் என் கையெழுத்து. 'படித்தேன், சம்மதம்.' வாலைச் சுழித்து, அலட்சியமாக.

அடுத்தடுத்த பக்கங்களையும் படித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சந்தேகம், ஒரு நன்றி, என் பதிலைக் கேட்டு ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், 'என் பாதியில் ஒரே சத்தமாக இருக்கிறது. உங்களுக்கு ஏதோ அவசியம் இருக்கும் என்று நான் அடங்கியே இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நேரில் பேசலாம்.' எல்லாவற்றின் அடியிலும் என் கையெழுத்து. நான் அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று கொக்கரித்தேன். அவள் தானாகவே வாயை மூடிக்கொண்டு வழிவிட்டிருக்கிறாள். என் ஒரு கிறுக்கலை நம்பி வண்டிக்கு முதுகைக் காட்டியிருக்கிறாள்.

வெட்கத்தில் காது சுட்டது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும் பொறாமை போகவில்லை என்பதையும் சொல்கிறேன். இந்தப் பெருந்தன்மை எனக்கு வராதே என்று அதற்கும் ஒரு பொறாமை.

புத்தகத்தோடு தோன் அனிபாலிடம் திரும்பினேன்.

"அவளோடது என்னுத அமுக்கல" என்றேன். "நான்தான் கூட்டினேன். ரெண்ட இருபதாக்கினேன், அவளக் கவுக்கறதுக்கு. என்னுத நானே அமுக்கிட்டேன். அவ எழுதினத ஒரு பக்கம்கூடப் படிக்கல. படிச்சேன்னு கையெழுத்துப் போட்டேன்."

அவர் புத்தகத்தை வாங்கி மார்ச் மாதத்துப் பக்கத்தைப் படித்தார். "அந்தப் பொண்ணு செத்திருந்தா?"

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"பதினோரு வருஷத்துக்காக வேலைய விட்டுவெக்கிறேன். ஒரு மாசம் மலைக்கு வராத. திரும்பி வந்ததும் அவ ஒவ்வொரு வாரமும் எழுதறத உன் முறை ஆளுங்க எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

ஒரு மாதம் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நான் இல்லாதபோது அவள் என் வில்லைகளை இரண்டுக்கே இறக்கி, அரை நொடி அரை நொடியாகப் பிரித்து, இருபது பேரை நிறுத்திச் சோதித்திருக்கிறாள். இரண்டும் ஓடின. ஒன்றையும் கழற்றவில்லை.

இப்போது நான் ஏறி வருகிற செவ்வாய்க்கிழமைகளில் சுரங்க வாசலில் வாசிப்பு நடக்கும். முதல் தடவை வாசித்தபோது தோன் செகுந்தோ, "சத்தம் பத்தல மகளே, பின்வரிசைக்குக் கேக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் எழுத்து வாய்விட்டுப் படிக்க இன்னும் நன்றாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமைப் பக்கம் இது. நின்றுகொண்டு வாசித்தேன்.

"நான்காம் லோடரில் பெட்டி மாற்றினேன். ஒன்பதாம் சுவர்ப்பெட்டியில் ஈரம், துடைத்தேன். வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்குப் பதினொன்றாம் ஒதுங்கிடத்தில் பாதையைக் கடந்தேன். யோசனையாக இருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது. சென்யோரா ரூத்தின் அலாரம்..."

அடுத்த வார்த்தை கண்ணில் பட்டதும் நிறுத்தினேன்.

"முழுசா படி" என்றார் தோன் அனிபால்.

"சென்யோரா ரூத்தின் அலாரம் அடித்தது. வண்டி பதினைந்து மீட்டரில் நின்றது. நான் நன்றாக இருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. படித்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை வாலைச் சுழிக்கவில்லை.

அறைக்குப் போய் அலமாரிப் பூட்டைக் கழற்றினேன். ஒரு தட்டைக் காலி செய்தேன். அவளுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. அவள் தட்டில் வழக்கம்போலக் காகிதத்தில் சுற்றிய சீஸ் இருந்தது. வாசலில் நாய் எட்டிப் பார்த்தது. அதற்குப் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முழுதையும் நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, பாவி மகள்.